கேளுங்கள், சொல்கிறேன்: செம்பு தேங்கும் பிள்ளைகள்

சென்ற இதழில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவனுக்கு வந்த வில்சன் நோயைப் பற்றிச் சின்னதாக ஒரு பதில் எழுதியிருந்தேன். சாப்பாட்டில் வரும் செம்புச் சத்தை வெளியேற்ற முடியாமல் உடம்பு சேர்த்துவைத்துக்கொள்ளும் பரம்பரை நோய் அது. அதற்குப் பிறகு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஆஸ்பத்திரிகளிலும் சுகாதார நிலையங்களிலும் வேலை பார்ப்பவர்கள் எழுதியவை. செவிலியர்களுக்குப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். இன்றைக்கும் மதுரையைச் சுற்றி எங்கே பயிற்சி வகுப்பு என்று கூப்பிட்டாலும் போகிறேன். ஆகவே இந்த இதழ் முழுக்க இந்த ஒரு நோய்தான்.

மாதக் கூட்டத்தில் வில்சன் நோய் பற்றி அரை மணி நேரம் பேசினார்கள். கர்ப்பிணிப் பதிவு, தடுப்பூசி, பிரஷர், சர்க்கரை என்று ஏற்கெனவே வேலை தலைக்கு மேல் இருக்கிறது. எங்கேயோ ஒருவருக்கு வரும் நோயைக் கிராமத்து நர்ஸ் ஏன் படிக்க வேண்டும்?
– கிராம சுகாதார செவிலியர், உசிலம்பட்டி

நியாயமான கேள்வி தங்கச்சி. கணக்கைப் பார்த்துவிடுவோம். சுமார் 30,000 பேரில் ஒருவருக்கு இந்த நோய் இருக்கும் என்பது உலக அளவில் சொல்லப்படும் கணக்கு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மதுரை மாவட்டத்தில் 30 லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். அப்படியென்றால் நம் மாவட்டத்தில் மட்டும் ஏறக்குறைய நூறு பேர். அத்தை மகன், தாய்மாமன் என்று சொந்தத்துக்குள்ளேயே முடிக்கிற வழக்கம் உள்ள ஊரில் இன்னும் கூடலாம். அந்த நூறு பேரும் உங்களைப் போன்ற யாரோ ஒரு செவிலியரின் ஏரியாவில்தான் குடியிருக்கிறார்கள்.

நோய் நடக்கிற விதம் இதுதான். சாப்பாட்டில் வரும் செம்பில் தேவையானதை எடுத்துக்கொண்டு மிச்சத்தைப் பித்தநீர் வழியாக வெளியே தள்ளுவது கல்லீரலின் வேலை. அதற்கான மரபணுவின் பெயர் ஏடிபி7பி. 13வது குரோமோசோமில் இருக்கிறது, 1993ல் கண்டுபிடித்தார்கள். அதில் பழுது இருந்தால் மடை அடைத்துக்கொண்ட கண்மாய் மாதிரி செம்பு கல்லீரலிலேயே ஏறிக்கொண்டு போகும். ஒரு கட்டத்தில் கரை தாங்காமல் ரத்தத்தில் கலந்து மூளை, கண், சிறுநீரகம் என்று போய்ச் சேரும். அதனால்தான் ஒரு பிள்ளைக்குக் காமாலையாகவும், இன்னொரு பிள்ளைக்குக் கை நடுக்கமாகவும், வேறொரு பிள்ளைக்குக் கோபமும் அழுகையுமாகவும் வருகிறது. கல்லீரலில் தொடங்குவது பெரும்பாலும் பள்ளிக்கூட வயதில். மூளையில் தெரிவது பத்து வயதுக்கு மேல், இருபதுகளிலும்.

மேலூர்ப் பக்கத்துப் பெண்பிள்ளை ஒருத்தியின் கதையை அவள் அம்மாவின் சம்மதத்தோடு சொல்கிறேன். அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். சின்ன வகுப்பில் படிக்கும்போது அவளுக்கு மஞ்சள் காமாலை வந்தது. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள். காமாலை தானாக வடிந்தது. எல்லாரும் மறந்துபோனார்கள். பிறகு உயர்நிலைப் பள்ளியில் எழுத்து சிறுத்துக்கொண்டே வந்து கோட்டை விட்டு ஓடியது. அக்கறையில்லை என்று ஆசிரியை கண்டித்தார். வீட்டில் தட்டை எறிந்தாள், தங்கச்சியை அடித்தாள். பாண்டி கோயிலுக்குக் கூட்டிப்போய்ப் பூசை போட்டார்கள். அப்புறம் ஒரு தனியார் மருத்துவமனையில் மனநோய்க்கு மாத்திரை எழுதிக்கொடுத்தார்கள். அதைச் சாப்பிட்டதும் உடம்பு விறைத்தது, பேச்சு குழறியது. (மனநோய்க்கான சில மாத்திரைகள் இந்தப் பிள்ளைகளின் விறைப்பைக் கூட்டிவிடும். நர்ஸ்கள் இதை மனதில் வைத்திருக்க வேண்டும்.)

காமாலையைப் பார்த்தவர் எழுத்தைப் பார்க்கவில்லை. எழுத்தைப் பார்த்தவருக்குக் காமாலை தெரியாது. அந்த வீட்டுக்கு அவளுடைய சித்தியின் கர்ப்பப் பதிவுக்காகப் போன கிராமச் செவிலியர், திண்ணையில் துண்டால் எச்சிலைத் துடைத்துக்கொண்டிருந்த பிள்ளையைப் பார்த்தார். “இவளுக்கு முன்னாடி எப்பவாவது மஞ்சக்காமாலை வந்துச்சாக்கா?” என்று கேட்டார். அந்தக் கேள்விதான் அவளை நரம்பியல் மருத்துவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. சித்தியின் கர்ப்பத்தையும் அக்கா மகளின் காமாலையையும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து கேட்கிற இடத்தில் இருப்பவர் நீங்கள்தான். பெரிய டாக்டர்களுக்கு அந்த இடம் கிடைப்பதில்லை.

நடுக்கமோ, குழறலோ, எச்சில் வடிதலோ, திடீரென்று மாறிய குணமோ உள்ள இளவயதுக்காரரைப் பார்த்தால் காமாலை வந்ததா என்று கேளுங்கள். காரணம் தெரியாத காமாலையோ வயிற்று வீக்கமோ உள்ள பிள்ளையைப் பார்த்தால் பள்ளி நோட்டை வாங்கிப் பாருங்கள். இரண்டில் எதுவானாலும், கூடப் பிறந்தவர் யாராவது சின்ன வயதில் கல்லீரல் கெட்டு இறந்தார்களா என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

நான் பார்வை மையத்தில் பணியாற்றுகிறேன். இந்த நோயில் கண்ணில் வளையம் தெரியும் என்கிறார்கள். வயதானவர்கள் கண்ணில் தினமும் வெள்ளை வளையம் பார்க்கிறேன். எப்படிப் பிரித்து அறிவது?
– கண் பரிசோதனை உதவியாளர், திருமங்கலம்

உங்கள் கடிதத்தைப் படித்ததும் மனசு நிறைந்துவிட்டது மகளே. இந்த நோயை முதலில் கண்டவர்களே கண்ணைப் பார்த்தவர்கள்தான். கெய்சர் 1902லும் ஃபிளைஷர் 1903லும் ஜெர்மனியில் அந்த வளையத்தைக் கண்டு எழுதினார்கள். லண்டனில் கின்னியர் வில்சன் மூளையும் கல்லீரலும் சேர்ந்து கெடும் நோய் என்று எழுதியது 1912ல்.

முதியவர்களுக்கு வருவது கொழுப்பு, வெண்சாம்பல் நிறம், கருவிழியின் ஓரத்துக்கும் அதற்கும் நடுவே தெளிவான ஒரு கோடு இருக்கும். கெய்சர்–ஃபிளைஷர் வளையம் செம்பு. தங்கப் பழுப்பிலிருந்து பச்சை கலந்த பழுப்பு வரை இருக்கும். கருவிழியின் உள்ளடுக்கான டெசிமே சவ்வில் படிகிறது. ஓரம்வரை இடைவெளி இல்லாமல் ஒட்டி நிற்கும். வளையம் முதலில் வருவது மேல்பக்கம், பிறகு கீழ்ப்பக்கம், கடைசியில்தான் இரண்டு பக்கவாட்டிலும் கூடி முழு வட்டமாகும். மேல்பக்கத்தை இமை மூடியிருப்பதால் அவசரத்தில் பார்த்தால் தப்பிவிடும். பிள்ளையைக் கீழே பார்க்கச் சொல்லி, மேல் இமையை விரலால் தூக்கிப் பிடித்து, ஸ்லிட் லேம்பில் (கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் கருவி) ஒளியை மெல்லிய கோடாக்கி, 12 மணி இடத்தில் கருவிழியின் உட்பக்கத்தைத் தேடுங்கள். நம் ஊர்க் கண்கள் அடர்ந்த பழுப்பு. டார்ச் லைட்டில் ஒன்றும் தெரியாது. “டார்ச்சில் பார்த்தோம், வளையம் இல்லை” என்று எழுதிய சீட்டை நம்பவே கூடாது.

இன்னொன்று. நரம்புப் பாதிப்பு வந்தவர்களில் ஏறக்குறைய 95 சதவீதத்தினருக்கு வளையம் இருக்கும். கல்லீரலோடு நிற்பவர்களில் பாதிப் பேருக்குத்தான் இருக்கும். அதனால் வளையம் இல்லை என்றால் ‘காணவில்லை’ என்று மட்டும் எழுதுங்கள், ‘நோய் இல்லை’ என்று எழுதாதீர்கள்.

1976ல் டாக்டர் ஜி. வெங்கடசாமி அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய ஊர் நம் மதுரை. சுற்றுவட்டாரச் சின்ன ஊர்களின் பார்வை மையங்களில்கூட ஸ்லிட் லேம்ப் இருக்கிறது. இந்தியாவில் பல மாவட்டங்களுக்குக் கிடைக்காத வசதி. கண்ணாடி போட வருகிற பிள்ளையின் கை நடுங்கினால் அந்த மேல் இமையைத் தூக்கிப் பார்த்துவிடுங்கள்.

எங்கள் வார்டில் ஒரு பையனுக்கு ரத்தத்தில் செம்பு அளவு பார்த்தோம், குறைவாக வந்தது. “செம்பே குறைவு, அப்புறம் எப்படி வில்சன்?” என்று பயிற்சி மருத்துவர் சொன்னார். சரியா?
– ஸ்டாஃப் நர்ஸ், மதுரை

சரியில்லை. அந்த முடிவைப் பிடித்துக்கொண்டு பையனை வீட்டுக்கு அனுப்பிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ரத்தத்தில் இருக்கும் செம்பில் பெரும்பகுதி செருலோபிளாஸ்மின் என்ற புரதத்தோடு சேர்ந்தே ஓடுகிறது. இந்த நோயில் அந்தப் புரதம் குறைவதால் மொத்தச் செம்பும் குறைவாகத்தான் காட்டும். தேங்கியிருப்பது கல்லீரலில்.

கேட்க வேண்டியது செருலோபிளாஸ்மின். டெசிலிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குக் கீழே என்றால் சந்தேகம், 10க்குக் கீழே என்றால் பலமான சந்தேகம். ஆனால் காய்ச்சல், அழற்சி, கர்ப்பம், கருத்தடை மாத்திரை இவையெல்லாம் அந்த அளவை உயர்த்திக் காட்டும். எனவே நடுவாந்திரமாக வந்தால் அதோடு விட்டுவிடக் கூடாது. அடுத்தது 24 மணி நேரச் சிறுநீரில் செம்பு. 100 மைக்ரோகிராமுக்கு மேல் என்றால் நோயைப் பெரிதும் ஆதரிக்கிறது. பிள்ளைகளுக்கு 40க்கு மேல் இருந்தாலே கவனிக்க வேண்டும்.

இந்தச் சிறுநீர்ச் சேகரிப்பு முழுக்க உங்கள் கையில்தான் இருக்கிறது. காலை முதல் சிறுநீரை வெளியே கழிக்கச் சொல்லி அந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு துளியும், மறுநாள் அதே நேரத்துச் சிறுநீரும் சேர வேண்டும். பரிசோதனைக்கூடம் தருகிற, செம்பு கலக்காத பிளாஸ்டிக் கேன்தான் வேண்டும். வீட்டுச் சொம்பிலோ பித்தளைப் பாத்திரத்திலோ பிடித்து ஊற்றினால் அந்த அளவுக்கு அர்த்தமே கிடையாது. இரவில் பையன் எழுந்து கழிப்பறைக்குப் போய்விட்டால் வெட்கப்படாமல் சொல்லச் சொல்லுங்கள், மறுபடி தொடங்கலாம். அம்மாவிடம் ஒரு தடவை சொல்லிவிட்டு நகராதீர்கள், அவரைத் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள்.

மூத்தவனுக்கு வில்சன் நோய் என்று சொல்லி மருந்து ஆரம்பித்துவிட்டார்கள். சின்னவள் நன்றாக ஓடி ஆடுகிறாள். அவளையும் சோதிக்கச் சொல்கிறார்கள். என் மாமியார் வீட்டில் என் வழியில் வந்த நோய் என்று பேசுகிறார்கள். என் கணவர் எனக்குத் தாய்மாமன் மகன்.
– ஒரு தாய், வாடிப்பட்டி

அம்மா, முதலில் இதை உங்கள் மாமியாருக்குப் படித்துக் காட்டுங்கள். இந்த நோய் வர அப்பாவிடமிருந்து ஒரு பழுது, அம்மாவிடமிருந்து ஒரு பழுது, இரண்டும் சேர வேண்டும். ஒருவர் வழியாக மட்டும் வரவே வராது. உங்கள் இருவருக்கும் ஒன்று பழுது, ஒன்று நல்லது என்று இருப்பதால் உங்களுக்கு நோய் இல்லை. ஒரே தாத்தா பாட்டியின் வழி வந்தவர்கள் என்பதால் ஒரே பழுது இருவரிடமும் இருக்க நேர்ந்திருக்கிறது. இதில் யார் செய்த குற்றமும் இல்லை.

சின்னவளைக் கட்டாயம் சோதியுங்கள், இந்த மாதமே. கூடப் பிறந்த ஒவ்வொருவருக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது. அவள் ஓடி ஆடுவதே நல்ல நேரம். அறிகுறி வருவதற்கு முன்பே மருந்து தொடங்கினால் மற்றப் பிள்ளைகளைப் போலவே அவள் வளர்வாள். மூத்தவனின் மரபணுப் பழுது எது என்று தெரிந்திருந்தால், சின்னவளுக்கு அதை மட்டும் தேடிப் பார்த்தே தெளிவாகச் சொல்லிவிடலாம். ரிப்போர்ட்டில் ‘கடத்தி’ (உங்களைப் போல ஒரு பழுது மட்டும் உள்ளவர்) என்று வந்தால் அது நோய் இல்லை, மருந்தும் வேண்டாம்.

செம்புக் குடத்தில் தண்ணீர் வைத்துக் குடிப்பதால்தான் இது வருகிறதா? எங்கள் கடையில் வாங்க வருகிறவர்கள் கேட்கிறார்கள்.
– பாத்திரக் கடைக்காரர், மதுரை

வருவதில்லை. மரபணு நன்றாக இருப்பவரின் கல்லீரல் கூடுதல் செம்பை வெளியேற்றிவிடும். நோய் உள்ளவர்கள் மட்டும் செம்பு, பித்தளைப் பாத்திரங்களில் குடிக்கவோ சமைக்கவோ கூடாது. ஈரல், நண்டு, முந்திரி, காளான், சாக்லேட் இவற்றையும் தவிர்க்க வேண்டும், முக்கியமாக மருந்தின் முதல் வருஷத்தில். ஆனால் கைக்குழந்தைகள் விஷயம் வேறு. ஈயம் பூசாத பித்தளை, செம்புப் பாத்திரத்தில் காய்ச்சி வைத்த பாலைக் குடித்த குழந்தைகளுக்குக் கல்லீரல் சுருங்கும் நோய் வந்ததை 1980களில் புனே மருத்துவர்கள் எழுதினார்கள். அந்தப் பழக்கம் குறைந்ததும் நோயும் குறைந்தது. அது வில்சன் நோய் இல்லை. ஆனாலும் குழந்தைப் பாலுக்கு எவர்சில்வரைக் காட்டுங்கள்.

ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்களுக்குப் பயிற்சி நடத்தும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. கல்லூரியில் இந்த நோய்க்கு ஒரு ஸ்லைடுதான் போட்டார்கள். ஒரு மணி நேரத்தில் என்ன சொல்லித் தருவது?
– அரசு மருத்துவர், பேரையூர்

தம்பி, ஸ்லைடை மூடிவைத்துவிட்டு நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுபோங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன். ஒரே பிள்ளையின் மூன்று வருஷத்துத் தமிழ்க் கட்டுரை நோட்டுகளை, பெயரை மறைத்து, கையிலே கொடுத்துப் புரட்டச் சொல்வேன். ‘ழ’வும் ‘ண’வும் எப்படிச் சுருங்கிக் கோணிப் போகிறது என்று கண்ணால் பார்த்தவர்கள் மறப்பதில்லை. பாண்டா முகம் மாதிரி நடுமூளை தெரியும் எம்.ஆர்.ஐ. படத்தை எல்லாருக்கும் காட்டுகிறார்கள். பேரையூரில் உட்கார்ந்திருப்பவருக்கு எம்.ஆர்.ஐ. கடைசியில்தான் வரும், நோட்டு முதலில் வரும்.

அடுத்து, மருத்துவர்களை மட்டும் கூட்டாதீர்கள். கிராமச் செவிலியர், ஆய்வகத் தொழில்நுட்பர், கண் உதவியாளர், மருந்தாளுநர் எல்லாரையும் ஒரே அறையில் உட்கார வையுங்கள். ஒரு நோயாளியின் கதையைத் துண்டு துண்டாக்கி ஆளுக்கு ஒரு துண்டு கொடுங்கள். மற்றவரிடம் கேட்காமல் யாராலும் நோயைச் சொல்ல முடியாதபடி கொடுங்கள். பேசத் தொடங்கிவிடுவார்கள். மேலூர்ப் பிள்ளைக்கு அவ்வளவு காலம் நடக்காமல் போனது அந்தப் பேச்சுதான். முடிந்தால், நோய் தெரிந்து நன்றாக இருக்கும் ஒருவரையும் அவர் தாயாரையும் அழைத்துப் பத்து நிமிஷம் பேச வையுங்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். இளவயதுக்காரர் ஒருவருக்குக் காமாலையும் திடீர் ரத்தசோகையும் சேர்ந்து வந்து, கூம்ப்ஸ் பரிசோதனை (உடம்பின் எதிர்ப்புப் பொருளே சிவப்பணுவைத் தாக்குகிறதா என்று பார்ப்பது) நெகட்டிவ் என்றால், கல்லீரல் ரத்தப் பரிசோதனையில் ஆல்கலைன் பாஸ்ஃபடேஸ் எதிர்பார்த்ததைவிடத் தாழ்ந்திருந்தால், ஏ.எல்.டி.யைவிட ஏ.எஸ்.டி. மிக உயர்ந்திருந்தால், அது அவசரம். கல்லீரல் செயலிழப்பின் வாசல் அது. அந்த நிலையில் பெரும்பாலும் கல்லீரல் மாற்று அறுவைதான் காப்பாற்றும். ‘வைரல் ஹெபடைடிஸ், ஒரு வாரம் கழித்து வரவும்’ என்று எழுதும் நேரம் அதில்லை. அன்றைக்கே அனுப்ப வேண்டும்.

நம் பக்கம் இதெல்லாம் இல்லை என்று யாராவது சொன்னால், பெங்களூரு நிம்ஹான்ஸ் (மனநல, நரம்பியல் மருத்துவமனை) மருத்துவர்கள் மூன்று பத்தாண்டுகளில் பார்த்த 282 வில்சன் நோயாளிகளைப் பற்றி 2007ல் கட்டுரை எழுதியதைச் சொல்லுங்கள். மருத்துவமனை மருத்துவர்களுக்கு அறிகுறிக்கும் பரிசோதனைக்கும் மதிப்பெண் போட்டு நோயை முடிவு செய்யும் 2001 லைப்சிக் முறையை அச்சடித்துக் கொடுங்கள். நான்கும் அதற்கு மேலும் வந்தால் நோய் உறுதி. ஆரம்ப நிலையத்துக்காரர்களுக்கு அது வேண்டாம். சந்தேகம் வந்தால் யாருக்குப் போன் செய்வது, ரத்தம் எந்த லேபுக்குப் போகும், கண்ணை எங்கே பார்ப்பது, இந்த மூன்றுக்கும் உள்ளூர் விடையை எழுதி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைக்கச் சொல்லுங்கள். வகுப்பு முடியும் முன் அந்தத் தாள் நிரம்பியிருக்க வேண்டும்.

பள்ளிப் பருவத்திலிருந்து மருந்து சாப்பிடுகிறேன். இப்போது வேலைக்குப் போகிறேன், ஒரு தொந்தரவும் இல்லை. வீட்டில் பெண் பார்க்கிறார்கள். மாத்திரையைப் பார்த்தால் கேட்பார்கள். நிறுத்திவிடலாமா?
– ஓர் இளைஞர், சோழவந்தான்

நிறுத்தாதீர்கள் தம்பி. ஒரு மாதம்கூட வேண்டாம். தொந்தரவு இல்லாமல் இருப்பது மாத்திரையால்தான். நன்றாக இருந்தவர்கள் மருந்தை நிறுத்தி, சில மாதங்களிலிருந்து சில வருஷங்களுக்குள் கல்லீரல் செயலிழந்து இறந்திருக்கிறார்கள். 1956ல் ஜான் வால்ஷ் என்ற ஆங்கில மருத்துவர் பெனிசிலமைனை இந்த நோய்க்குக் கொண்டுவந்தார். வாய்வழியாகச் சாப்பிட்டே செம்பை இறக்க முடிந்தது அப்போதுதான். அதற்கு முன் இந்த நோய் வந்த வாலிபர்கள் பிழைக்கவில்லை.

பெனிசிலமைன் என்றால் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்போ இரண்டு மணி நேரம் பின்போ வெறும் வயிற்றில் சாப்பிட வேண்டும், கூடவே பி6 வைட்டமின். ரத்த அணுக்களையும் சிறுநீரில் புரதத்தையும் டாக்டர் சொன்ன இடைவெளியில் பார்க்க வேண்டும். துத்தநாக மாத்திரை என்றாலும் சாப்பாட்டோடு சேர்க்கக் கூடாது. இரண்டும் எழுதிக்கொடுத்திருந்தால் ஒன்றுக்கொன்று இடைவெளி விட வேண்டும். ஒன்றாகப் போட்டால் இரண்டும் வீண்.

பெண் வீட்டாரிடம் நிச்சயத்துக்கு முன்பே சொல்லிவிடுங்கள். தனியாகச் சொல்லத் தயக்கமாக இருந்தால் உங்கள் மருத்துவரிடம் அந்தப் பெண்ணையும் அவர் பெற்றோரையும் அழைத்துப் போங்கள். சொந்தத்தில் மட்டும் முடிக்க வேண்டாம். வெளியில் முடித்தால் குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு இருநூறில் ஒன்று அளவில்தான் இருக்கும். விரும்பினால் அந்தப் பெண்ணுக்கு மரபணுப் பரிசோதனை செய்து அதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளலாம். குழந்தை பிறந்தால் முதல் வருஷத்தில் செருலோபிளாஸ்மின் பார்க்காதீர்கள். அந்த வயதில் எல்லாக் குழந்தைக்கும் அது குறைவாகவே இருக்கும். இரண்டு மூன்று வயது ஆனதும் பாருங்கள்.